கிளட்ச் மேலே பிடிக்கிறதா? கியர் பாக்ஸை இறக்கும் முன் நிப்பிளைத் திறந்து பாருங்கள்!



மலருக்குக் கட்டுரை கேட்டு வந்த பேரவைச் செயலாளர், "செராமிக் பத்தி மட்டும் எழுதிடாதடா, போன மலர்ல பாதி அதான்" என்று முதலிலேயே கையெடுத்துக் கும்பிட்டு விட்டார். "அப்போ கார் பத்தி எழுதவா?" என்றேன். "உங்க மாமா காரா? அதான் ஹாஸ்டலுக்கே தெரியுமே, எழுது" என்று சிரித்துக்கொண்டே போனார். அவர் சிரித்ததற்குக் காரணம் உண்டு. அந்தக் கதையில் தப்பு செய்தவன் நான்தான். அந்தத் தப்பை நீங்கள் யாரும் செய்யக்கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

எங்கள் மாமாவிடம் ஒரு பழைய அம்பாசடர் இருக்கிறது. கல்யாணம், நிச்சயதார்த்தம், கொளஞ்சியப்பர் கோயில், நெய்வேலி, சிதம்பரம் என்று அதுதான் அவர் குடும்பத்துக்குச் சோறு போடுகிறது. மேற்கு வங்காளம் உத்தர்பாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் 1950-களின் கடைசியில் செய்யத் தொடங்கிய இந்தக் கார், 2014 மே மாதத்தோடு நின்றுபோனது. எனவே இன்று ஓடுகிற எல்லா அம்பாசடருமே பழைய வண்டிதான். மாமாவின் வண்டி பல கை மாறியது. அதில் எது கம்பெனி பார்ட்ஸ், எது லேத் பட்டறைக் கைவேலை என்று யாராலும் சொல்ல முடியாது.

போன வைகாசியில் மாமா சொன்னார்: "மாப்ளே, கிளட்ச் ரொம்ப மேல பிடிக்குதுடா. காலை முக்காவாசி எடுத்தாலும் வண்டி நகர மாட்டேங்குது. உளுந்தூர்பேட்டை போய் வந்தா இன்ஜின் கத்துது, வண்டி இழுக்கல."

நான் யோசிக்கவே இல்லை. "பிளேட் தேஞ்சுடுச்சு மாமா. கியர் பாக்ஸை இறக்கி செட்டை மாத்திடுங்க" என்றேன். டிப்ளமோ படிக்கிற பையன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று மாமாவும் நம்பினார். கியர் பாக்ஸை இறக்கினார்கள். பிளேட்டை எடுத்துப் பார்த்தால் ரிவெட்டுக்கு மேல் லைனிங் தாராளமாக இருந்தது! "இறக்கினது இறக்கியாச்சு, புதுசே போடுவோம்" என்று புது செட் மாட்டினோம். இரண்டாம் நாள் வெயிலில் வண்டி சூடானதும் அதே கம்ப்ளெயிண்ட். இதற்குள் மூன்று முகூர்த்தச் சவாரி கைவிட்டுப் போனது. மாமா என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

கடைசியில் வேறொரு ஷெட்டில் ஒரு வயதான மெக்கானிக் கேட்டார்: "ஏன் தம்பி, சறுக்குறப்போ நிப்பிளைத் திறந்து பாத்தீங்களா?" அந்த ஒரு கேள்விக்கு விடைதான் இந்தக் கட்டுரை.

முதலில், எது 'மேலே'?

கிளட்ச் பெடலை முழுக்க மிதித்து, கியர் போட்டு, மெல்லக் காலை எடுக்கிறோம். ஓரிடத்தில் வண்டி அசையத் தொடங்குகிறது. அதுதான் பிடிக்கும் இடம். தரைக்கு அருகிலேயே பிடித்தால் 'கீழே பிடிக்கிறது'. பெடல் ஏறக்குறைய முழுவதும் மேலே வந்தபின் பிடித்தால் 'மேலே பிடிக்கிறது'.

கீழே பிடித்தால் பெரும்பாலும் மிதி போதவில்லை என்று பொருள். லைனில் காற்று, ஆயில் கசிவு, தேய்ந்த வாஷர் ஆகியவை இதற்குக் காரணம். கியர் 'கர்ர்' என்று உரசும். மேலே பிடித்தால் கதையே வேறு. அங்கே கிளட்ச் முழுக்க விடுபடுகிறது, ஆனால் திரும்ப முழுக்க ஒட்டுவதில் தாமதம். ஆகவே மேலே பிடிக்கிற வண்டிக்குப் போய் ஏர் எடுப்பது, காய்ச்சலுக்கு வந்தவனுக்குக் காலில் கட்டுப் போடுவது போலத்தான்.

ஆயில் எப்படி வேலை செய்கிறது?

மாருதி 800 போன்ற வண்டியில் பெடலையும் கிளட்சையும் இணைப்பது ஒரு கேபிள். அம்பாசடரில் அந்த வேலையை பிரேக் ஆயில் செய்கிறது. பெடலை மிதித்தால் மாஸ்டர் சிலிண்டரின் பிஸ்டன் ஆயிலைத் தள்ளும். இரும்புக் குழாய் வழியாகவும் கடைசியில் ரப்பர் ஹோஸ் வழியாகவும் ஆயில் போய் ஸ்லேவ் சிலிண்டரின் பிஸ்டனைத் தள்ளும். அது ஃபோர்க்கைத் தள்ளும். ஃபோர்க் ரிலீஸ் பேரிங்கைத் தள்ளும். பேரிங், பிரஷர் பிளேட்டை விலக்கும். பாஸ்கல் விதியை நாம் எல்லோரும் மனப்பாடம் செய்திருக்கிறோம். அதை வைத்து 1795-ல் ஜோசப் பிராமா ஹைட்ராலிக் பிரஸ்ஸுக்குக் காப்புரிமை பெற்றார். அந்தப் பிரஸ்ஸின் பேரப்பிள்ளைதான் நம் கிளட்ச்.

ஒரு சின்னக் கணக்கு போடுவோம். மாஸ்டர் முக்கால் அங்குலம், ஸ்லேவ் ஏழெட்டில் அங்குலம் (7/8) என்று வைத்துக்கொள்வோம். பரப்பளவு விகிதம் 49/36, அதாவது சுமார் 1.36. பெடல் நெம்புகோல் 5-க்கு 1 என்போம். பெடல் 100 மி.மீ. இறங்கினால் மாஸ்டர் பிஸ்டன் 20 மி.மீ. நகரும். ஸ்லேவ் பிஸ்டன் சுமார் 14.7 மி.மீ. நகரும். ஃபோர்க் 2-க்கு 1 என்றால் பேரிங் நகர்வது 7 மி.மீ. சொச்சம்தான்.

இதையே திருப்பிப் போடுங்கள். ஸ்லேவ் பிஸ்டன் 1 மி.மீ. உள்ளே போகாமல் நின்றுவிட்டால், பெடலில் அது 1 × 1.36 × 5 = 6.8 மி.மீ. ஆகத் தெரியும். 3 மி.மீ. நின்றுவிட்டால் 20 மி.மீ.! அதாவது கண்ணுக்குத் தெரியாத ஒரு சின்ன அடைப்பு, காலுக்குப் பெரிய வித்தியாசமாகத் தெரியும். இந்தக் கணக்கை நான் முன்பே போட்டிருந்தால் மாமாவின் பணம் மிஞ்சியிருக்கும்.

பிளேட் தேய்ந்தால் மேலே பிடிக்காதா?

நான் ஏமாந்த இடம் இதுதான். கேபிள் வண்டியில் பிளேட் தேயத் தேய ஃப்ரீ பிளே குறைந்து, பிடிக்கும் இடம் மேலே ஏறும். கேபிள் நட்டைத் தளர்த்தினால் சரியாகும். நான் அதையே இங்கும் ஒட்டிவிட்டேன்.

ஹைட்ராலிக்கில் இரண்டு வகை உண்டு. ஃபோர்க்கை இழுத்துப் பிடிக்கும் ஸ்பிரிங்கும், நீளம் மாற்றக்கூடிய புஷ் ராடும் இருந்தால் அது அட்ஜஸ்ட் வகை. அதில் கேபிள் மாதிரியே பிளேட் தேய்ந்தால் மேலே ஏறும். புஷ் ராடு நட்டில் பிளே வைத்தால் இறங்கும். நட்டும் வெளி ஸ்பிரிங்கும் இல்லாமல், பேரிங் எப்போதும் லேசாகத் தொட்டுக்கொண்டே இருந்தால் அது தானே சரிசெய்துகொள்ளும் வகை. இதில் பிளேட் தேயும்போது பிரஷர் பிளேட்டின் பிங்கர்கள் பேரிங்கைப் பின்னால் தள்ளும், ஸ்லேவ் பிஸ்டன் கொஞ்சம் உள்ளே போகும், அந்த ஆயில் மேலே டப்பாவுக்குத் திரும்பிவிடும். பெடல் அதே இடத்தில் பிடிக்கும். பிரேக் லைனிங் தேய்ந்தால் டப்பாவில் ஆயில் இறங்கும், ஆனால் இங்கே பிளேட் தேய்ந்தால் ஆயில் மட்டம் சற்று ஏறும்! வைவாவில் கேட்டால் சொல்லுங்கள்.

ஆகவே இந்த வகையில் பிளேட் தேய்வது மட்டுமே பெரிய அளவில் மேலே பிடிக்கக் காரணம் ஆகாது. பிளேட்டின் நடுவே உள்ள குஷன் ஸ்பிரிங் தட்டையாகிப் போனால் கொஞ்சம் ஏறலாம். திடீரென்று ஏறினால், அல்லது சூட்டுக்குச் சூடு மாறினால், 'திரும்ப வேண்டிய ஆயில் திரும்பவில்லையோ?' என்றுதான் முதல் சந்தேகம் வர வேண்டும்.

ஆயில் எங்கே மாட்டும்?

ஒன்று, மாஸ்டர் சிலிண்டர் புஷ் ராடில் பிளே இல்லாமை. பெடல் முழுக்க மேலே இருக்கும்போது புஷ் ராடுக்கும் பிஸ்டனுக்கும் இடையே மயிரிழை இடைவெளி வேண்டும். அது இல்லாவிட்டால் பிஸ்டன் கடைசி வரை பின்னால் வராது. மாஸ்டரில் ஊசி முனை அளவு ஒரு துளை உண்டு. பெடலை விட்டதும் லைனில் மிச்சமுள்ள ஆயில் அதன் வழியாகத்தான் டப்பாவுக்குப் போகும். பிஸ்டனின் வாஷர் அதை மூடிக்கொண்டே நின்றால் ஆயில் சிறைப்படும். இன்ஜின் சூட்டில் அது விரிந்து, யாரும் மிதிக்காமலே கிளட்சை லேசாக மிதித்துக் கொண்டிருக்கும்!

இரண்டு, அந்தத் துளையே அழுக்கில் அடைபடுவது.

மூன்று, வாஷர் ஊதிப்போவது. பிரேக் ஆயில் கிளைக்கால் வகையைச் சேர்ந்தது. அந்த ரப்பர் அதற்கென்றே செய்யப்பட்டது. "ஏதோ ஒரு ஆயில்தானே" என்று இன்ஜின் ஆயிலோ ஜாக்கி ஆயிலோ ஊற்றினால் ரப்பர் ஊதிப் பெருத்துத் துளையை மறைத்துவிடும். அப்படி ஒரு முறை ஊற்றிவிட்டால் வாஷர், ஹோஸ் எல்லாவற்றையும் மாற்றி லைனையும் கழுவித்தான் ஆக வேண்டும். வேறு வழி இல்லை.

நான்கு, ரப்பர் ஹோஸ். வெளியே பார்த்தால் புதுசு போல இருக்கும். உள்ளே ரப்பர் உரிந்து, ஒரு வழிக் கதவு மாதிரி தொங்கும். காலால் மிதிக்கும் வேகத்தில் ஆயில் அதைத் தள்ளிக்கொண்டு போய்விடும். திரும்பி வரும்போது கதவு சாத்திக்கொள்ளும்.

ஐந்து, ஸ்லேவ் பிஸ்டனோ ஃபோர்க்கோ துருப்பிடித்து இறுகுவது. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டாட் 3 ஆயிலின் கொதிநிலை புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். ஈரம் ஏறியபின் 140 வரை இறங்கலாம். அதே ஈரம்தான் சிலிண்டரில் துருவையும் உண்டாக்கும்.

சோதிக்கும் வரிசை

காசில்லாத சோதனை முதலில், காசுள்ள சோதனை கடைசியில். வெளியே முதலில், உள்ளே கடைசியில். இதுதான் விதி.

1. டிரைவரைக் கேளுங்கள். திடீரென்று வந்ததா, மெல்ல மெல்ல ஏறியதா? காலையில் எப்படி, வெயிலில் எப்படி? கிளட்ச் வேலை முடிந்த கையோடு வந்ததா? அப்படியானால் பிங்கர் உயரத்திலோ, பொருந்தாத பார்ட்ஸிலோ சந்தேகம் வையுங்கள்.

2. பெடலைக் கையால் அழுத்துங்கள். ஆரம்பத்தில் ஒரு சில மி.மீ. சும்மா ஆட வேண்டும். ஆடவே இல்லையென்றால் மாஸ்டர் புஷ் ராடைப் பாருங்கள்.

3. டப்பாவைத் திறந்து ஆயிலைப் பாருங்கள். கறுப்பாக, குழகுழப்பாக இருந்தால் ரப்பர் கரைகிறது.

4. பெடலை ஒரு முறை வேகமாகவும், ஒரு முறை மிக மெதுவாகவும் விட்டுப் பாருங்கள். பிடிக்கும் இடம் மாறினால் ஆயில் திரும்புவதில் தடை. எப்படி விட்டாலும் ஒரே இடம் என்றால் அட்ஜஸ்ட்மென்ட் அல்லது கிளட்ச் உள்பக்கம்.

5. ஒருவர் மிதித்து விடட்டும், நீங்கள் ஸ்லேவ் புஷ் ராடில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டுப் பாருங்கள். பெடலோடு சேர்ந்து கோடு உடனே திரும்புகிறதா? பெடல் வந்தபின் சோம்பலாக வருகிறதா? கொஞ்சம் நின்றுவிடுகிறதா?

6. இதுதான் பெரியவர் சொன்னது. வண்டி சூடாகிச் சறுக்கும் நேரத்தில், பெடலில் கால் வைக்காமல், ஸ்லேவ் நிப்பிளைத் தளர்த்துங்கள். ஆயில் 'சீத்' என்று பீறிட்டு, புஷ் ராடு உள்ளே நகர்ந்து, கிளட்ச் உடனே பிடித்தால் ஆயில் சிறைப்பட்டிருந்தது உறுதி. பிளேட் நிரபராதி! பீறிடாமல் சும்மா சொட்டினால் ஹைட்ராலிக் நிரபராதி. இறுகிய பிஸ்டன், ஃபோர்க், கடைசியாகப் பிளேட் என்று போக வேண்டும்.

7. பீறிட்டால் அடுத்த கேள்வி, மாஸ்டரா, ஹோஸா? நிப்பிளை மூடி, மறுபடி சறுக்கும் வரை மிதித்து விடுங்கள். இப்போது ஹோஸுக்கு முன்னால், இரும்புக் குழாயின் யூனியனைத் தளர்த்துங்கள். புஷ் ராடு உள்ளே போனால் குற்றவாளி மாஸ்டர். போகாமல், நிப்பிளைத் திறந்த பிறகே போனால் குற்றவாளி ஹோஸ்.

8. இவை எல்லாம் முடிந்தபின் சறுக்கல் சோதனை. முன்னால் யாரையும் நிற்க விடாதீர்கள். ஹேண்ட் பிரேக்கை நன்றாக இழுத்து, டாப் கியரில் போட்டு, லேசாக ஆக்சிலேட்டர் கொடுத்துக் கிளட்சை மெல்ல விடுங்கள். இன்ஜின் உடனே அடங்கி நின்றால் கிளட்ச் பிடிக்கிறது. நிற்காமல் ஓடினால் சறுக்குகிறது. ஒன்றிரண்டு முறைக்கு மேல் செய்யாதீர்கள், நல்ல பிளேட்டையும் எரித்துவிடுவீர்கள். பெல் ஹவுசிங் அடியில் ஆயில் சொட்டுகிறதா என்றும் பாருங்கள். இன்ஜின் ஆயில் பட்ட பிளேட், லைனிங் இருந்தும் சறுக்கும்.

சறுக்கவில்லை, பிளே இருக்கிறது, சூட்டிலும் மாறவில்லை, ஆனால் கொஞ்சம் மேலே பிடிக்கிறது என்றால்? ஒன்றும் செய்ய வேண்டாம். அது அந்த வண்டியின் சுபாவம். ஓட்டுங்கள்.

எங்கள் வண்டியில் நடந்தது

பெரியவர் நிப்பிளைத் தளர்த்தினார். ஆயில் என் சட்டையில் அடித்தது. "பாத்தியா தம்பி, உன் காலே இல்லாம யாரோ கிளட்சை மிதிச்சுக்கிட்டு இருந்தான்" என்றார். ஏழாவது சோதனையில் ஹோஸ் மாட்டிக்கொண்டது. கழற்றிய ஹோஸை பிளேடால் நீளவாக்கில் கிழித்துக் காட்டினார். உள்ரப்பர் உரிந்து நாக்கு மாதிரி தொங்கியது. அது எந்தக் காலத்து ஹோஸ் என்று மாமாவுக்கே தெரியாது. புது ஹோஸ் போட்டு, பழைய ஆயிலை வெளியேற்றி, புது ஆயில் ஊற்றி, ஏர் எடுத்தோம். மதியச் சாப்பாட்டுக்குள் வேலை முடிந்தது. ஹோஸுக்கு ஆன செலவு, புது கிளட்ச் செட்டுக்கும் கியர் பாக்ஸ் இறக்கி ஏற்றிய கூலிக்கும் முன்னால் ஒன்றுமே இல்லை. அன்று சாயந்திரம் பாலக்கரையில் நெரிசலில் நின்று நின்று போனபோதும் கிளட்ச் இடம் மாறவில்லை.

சில எச்சரிக்கைகள்

ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகாதீர்கள். ஸ்டாண்டு வையுங்கள். செராமிக் மாணவர்கள் என்ற தைரியத்தில் சூளைச் செங்கல்லை அடுக்கி முட்டுக் கொடுக்காதீர்கள்! அழுத்தத்தை அது தாங்கும் என்று டெஸ்டிங் லேபில் பார்த்திருக்கிறோம். ஓரத்தில் பாரம் விழுந்தால் முன்னறிவிப்பே இல்லாமல் உடையும் என்பதையும் அங்கேதான் பார்த்திருக்கிறோம். பிரேக் ஆயில் பெயிண்டைத் தின்றுவிடும், கண்ணில் பட்டால் எரியும், உடனே தண்ணீரால் கழுவுங்கள். பழைய பிளேட்டின் தூசியை வாயால் ஊதவோ, ஏர் பிடிக்கவோ வேண்டாம். பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். அது நுரையீரலுக்கு எமன். ஈரத்துணியால் துடையுங்கள்.

"அப்போ நம்ம செராமிக்குக்கு இதுல வேலையே இல்லையா?" என்று கேட்பீர்கள். உண்டு. டிராக்டர், கனரக வண்டிகளில் உலோகத்தூளும் செராமிக் பொருளும் கலந்து சுட்ட பட்டைகள் வைத்த கிளட்ச் பிளேட் வருகிறது. சூட்டை நன்றாகத் தாங்கும். ஆனால் 'டக்'கென்று பிடிக்கும், உதறும். மாப்பிள்ளை ஊர்வலக் காருக்கு அது ஆகாது.

நமக்குப் பாடம்

சூளையில் பொம்மை வெடித்தால் உடனே "மண்ணு சரியில்ல" என்கிறோம். ஈரம் காய்ந்ததா, சூட்டை மெல்ல ஏற்றினோமா என்று கேட்பதில்லை. நான் கிளட்சிலும் அதையே செய்தேன். நோய் தெரிந்ததும் பெயர் தெரிந்த பார்ட்ஸைக் குற்றவாளி ஆக்கினேன். கொளஞ்சியப்பருக்குப் பிராது கட்டுகிறவர்கூட இன்னாருக்கு இன்ன குறை என்று தெளிவாக எழுதித்தான் கட்டுகிறார். நாம் சோதனை செய்யாமல் பிளேட் மேல் பிராது கொடுக்கலாமா?

நம் பேச்சை நம்பிப் பணம் செலவழிக்கப் போகிறவர்கள் பெரும்பாலும் நம் வீட்டுக்காரர்கள், ஊர்க்காரர்கள். டிப்ளமோ என்ற சொல்லுக்கு அவர்கள் தரும் மரியாதை பெரியது. அதைக் காப்பாற்ற ஒரே வழி, "தெரியல மாமா, முதல்ல சோதிச்சுப் பாத்துடறேன்" என்று சொல்லும் தைரியம்தான்.

கழற்றிப் போட்ட அந்த நல்ல பிளேட்டை மாமா தூக்கி எறியவில்லை. ஷெட் ஆணியில் மாட்டி வைத்திருக்கிறார். "அடுத்த தடவைக்கு ஆகும் மாப்ளே" என்கிறார். அவர் வண்டிக்கா, எனக்கா என்று நான் இன்னும் கேட்கவில்லை.